பழைய காரும் பழுதற்ற பிறேக்கும்

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது நம் முன்னோர் வாக்கு. உண்மைதான். ஆயினும் ஓடாத தேரினால் எவருக்கும் தீங்கு நேர்வதில்லை. அது நின்ற இடத்திலேயே நிற்கும். ஓடத் தொடங்கிய தேரை நினைத்த இடத்தில் நிறுத்துவது எங்ஙனம் என்பதே பெரிய வினா. நம் ஊர்க் கோயில்களில் தேர்த் திருவிழாவைக் கண்டவர்கள் இதனை அறிவர். வடம் பிடித்து இழுப்போர் நூற்றுக்கணக்கினர். ஆனால் சில்லின் அருகே குனிந்து நடந்து, தக்க தருணத்தில் முட்டுக்கட்டையைச் செருகித் தேரைத் தடுத்து நிறுத்துவோர் நால்வர் அல்லது ஐவரே. பிறர் முயற்சியைக் கெடுப்பதை "முட்டுக்கட்டை போடுதல்" என்று இன்று இழிவாகப் பேசுகின்றோம். தேரடியில் நின்று பார்த்தவருக்கோ முட்டுக்கட்டை இடையூறன்று, அதுவே காவல்.

மோட்டார் காருக்கு அந்தக் காவலாக அமைந்தது பிறேக். புதிய கார்களில் அதனைப் பற்றி உரிமையாளர் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பழுது தோன்றினால் விளக்கொன்று எரிந்து எச்சரிக்கும். ஆனால் நம்மிடையே மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலிய பழைய பிரித்தானியக் கார்களைப் போற்றி வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் உள்ளன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவை நீடித்து வாழ்ந்தமைக்குத் தனி வரலாறு உண்டு. 1990ஆம் ஆண்டின் பின்னர், பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் அரும்பொருளாயிற்று. காபரேற்றரில் சிறிது பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெயிலே காரை ஓட்டினர் நம்மவர். புதிய வாகனங்கள் வராத அக்காலத்தில் நோயாளரையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்குச் சுமந்தவை இக்கார்களே. ஓட வைப்பதில் நம்மவர் காட்டிய திறமை வியத்தற்குரியது. அதே அக்கறை நிறுத்துவதிலும் காட்டப்படுகின்றதா என்பதைச் சற்று ஆராய்வோம்.

சமதரை மறைக்கும் குற்றம்

குடாநாடு தட்டையான பூமி. அங்கே மலையில்லை, நீண்ட இறக்கமில்லை. முப்பது மைல் வேகத்தில் செல்லும் காரை மெல்ல மெல்ல மிதித்து நிறுத்துவதற்கு அரைகுறையான பிறேக்கும் போதியதாகத் தோன்றும். ஆகவே, "இத்தனை வருடம் ஓடியது, ஒன்றும் நடக்கவில்லை" என்ற துணிவு வந்துவிடுகின்றது. ஆபத்தான துணிவு இதுவே.

ஓடும் பொருளின் சக்தி அதன் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயரும் என்று பௌதிக வகுப்பில் மாணவர் படிக்கின்றனர். வேகம் இருமடங்கானால் சக்தி நான்கு மடங்காகும். பிரித்தானிய வீதி ஒழுங்கு நூல் சாரதிகளுக்குக் கற்பிக்கும் கணக்கும் இதனையே காட்டுகின்றது. உலர்ந்த வீதியில், நல்ல பிறேக் உள்ள கார் மணிக்கு 20 மைல் வேகத்திலிருந்து நிற்பதற்கு 20 அடி தேவை. 40 மைலாயின் 80 அடி தேவை. இவை பிறேக் பிடித்த பின்னர் ஓடும் தூரங்கள். ஆபத்தைக் கண்ணால் கண்டு காலால் மிதிப்பதற்குள் முறையே 20 அடியும் 40 அடியும் கழிந்துவிடும். ஆக மொத்தம் 40 அடி, 120 அடி. நமக்கு முன்னே செல்லும் புதிய கார் விரைந்து நின்றுவிடும். முச்சக்கர வண்டி சொல்லாமலே நின்றுவிடும். பின்னால் வரும் பழைய கார் எங்கே நிற்கும் என்பதே கேள்வி.

இனி மலைநாட்டுக்குப் போவோம். நான்கு பேரும் மூட்டைகளும் ஏறிய ஒரு மொரிஸ் மைனரின் எடையை 1,000 கிலோ என்று கொள்வோம். அது நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளையை நோக்கி 1,000 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளியாகும் சக்தி முழுவதையும் வெப்பமாக மாற்றினால், 30 லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரலாம். இவ்வெப்பத்தில் ஒரு பகுதியைக் காற்றும் எஞ்சினும் ஏற்கும். சாரதி கியரைத் தளர்த்தி, பிறேக்கை மட்டும் நம்பி இறங்குவாராயின், பெரும்பகுதியும் ஏழு அல்லது எட்டு அங்குல விட்டமுள்ள நான்கு இரும்பு டிறம்களின் தலையிலேயே விழும். சமதரை மறைத்த குற்றத்தை மலை வெளிப்படுத்துவது இவ்வாறே.

திரவம் செய்யும் தொழில்

பழைய காரின் பிறேக் எவ்வாறு தொழிற்படுகின்றது? அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அமுக்கம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் கண்ட விதி. நாம் மிதியை அழுத்தும்போது மாஸ்ரர் சிலிண்டர் என்னும் தலைமைக் குழலிலுள்ள ஆடுதண்டு பிறேக் ஒயிலைத் தள்ளுகின்றது. அவ்வமுக்கம் மெல்லிய குழாய்களின் வழியே ஒவ்வொரு சில்லுக்கும் சென்று, அங்குள்ள வீல் சிலிண்டரின் ஆடுதண்டை வெளியே தள்ளுகின்றது. அது பிறை வடிவான பிறேக் சூவை டிறத்தோடு உராயச் செய்கின்றது.

உதாரணமாக ஒரு கணக்குப் பார்ப்போம். கால் கொடுக்கும் விசை 20 கிலோ. மிதி ஒரு நெம்புகோல். அது விசையை நான்கு மடங்காக்கி 80 கிலோவாகத் தருகின்றது. தலைமை ஆடுதண்டின் பரப்பு 4 சதுர சென்ரிமீற்றராயின், அமுக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு 20 கிலோ. சில்லிலுள்ள ஆடுதண்டின் பரப்பு 5 சதுர சென்ரிமீற்றராயின், அது சூவைத் தள்ளும் விசை 100 கிலோ. சிறிய கால் பெரிய காரை நிறுத்தும் இரகசியம் இதுவே.

மாணவர்கள் இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஊசி இல்லாத இரண்டு மருந்துக் குழல்களை ஒரு சிறு பிளாஸ்ரிக் குழாயினால் இணைத்து, காற்று இல்லாமல் தண்ணீரை நிரப்புங்கள். ஒன்றை அழுத்தினால் மற்றையது உடனே எழும். பின்னர் ஒரு காற்றுக் குமிழியை உள்ளே விட்டு அழுத்துங்கள். கை பஞ்சை அழுத்துவது போல உணரும். மறுமுனை தயங்கி எழும். திரவம் சுருங்காது, காற்றுச் சுருங்கும். பிறேக்கினுள் காற்றுப் புகுந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை.

நான்கு சில்லுக்கும் திரவ பிறேக் பூட்டிய காரை 1921ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூசன்பேர்க் நிறுவனம் வெளியிட்டது. அதன்பின் பல ஆண்டுகள் சென்றும் சில கார்களில் பழைய முறை முற்றாக நீங்கவில்லை. 1947 முதல் 1952 வரை உற்பத்தியான ஒஸ்ரின் ஏ-40 டெவனில் முன்சில்லுகளுக்கு மட்டுமே திரவம். பின்சில்லுகளை இயக்கியவை தண்டுகளும் நெம்புகோல்களுமே. ஆகவே பழைய காரைத் திருத்தத் தொடங்குமுன், அக்காரில் எந்த முறை உண்டு என்பதை அறிதல் முதற்கடன்.

1948ஆம் ஆண்டு வெளிவந்து, 1970களின் தொடக்கம் வரை ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகளாகப் பெருகிய மொரிஸ் மைனரை இங்கே உதாரணமாகக் கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த கார் இது. இதன் நான்கு சில்லிலும் திரவ பிறேக்கே. முன்சில் ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர்கள், பின்சில்லில் ஒவ்வொன்று. முன்னே செல்லும்போது முன்சில்லின் இரண்டு சூக்களையும் டிறத்தின் சுழற்சியே இழுத்து இறுக்கிக்கொள்ளும். பின்நோக்கி ஓடும்போது இத்துணை கிடையாது. ஏற்றத்தில் நின்ற மைனர் பின்னுக்கு உருளத் தொடங்கினால் பிறேக் தளர்ந்ததுபோலத் தோன்றுவது இதனாலே. அங்கே கைப்பிறேக் செம்மையாக இருத்தல் அவசியம்.

மிதி சொல்லும் செய்தி

நாடி பிடித்து நோயறிவார் வைத்தியர். பிறேக்கின் நாடி அதன் மிதி. காலின் கீழே அது எவ்வாறு நடக்கின்றது என்பதைக் கவனித்தால், ஓர் ஆணியையும் கழற்றாமலே பாதிக் குற்றத்தை அறிந்துவிடலாம்.

முதல் மிதியில் தரைவரை சென்று, இரண்டாம் மிதியில் உயர்ந்து உறுதியாக நிற்குமாயின், லைனர் தேய்ந்து சூவுக்கும் டிறத்துக்கும் இடைவெளி கூடிவிட்டது என்பது பொருள். மைனரில் தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பு இல்லை. காரை ஜாக்கியால் உயர்த்தி, பாதுகாப்பான தாங்கியில் இருத்தி, டிறத்திலுள்ள துவாரத்தின் வழியே திருப்புளியைச் செலுத்தி, திருகியைச் சில்லு இறுகும்வரை வலஞ்சுழியாகத் திருப்பி, பின் ஒரு பல் தளர்த்த வேண்டும். முன்சில்லுக்கு இவ்விரண்டு, பின்சில்லுக்கு ஒவ்வொன்று, ஆக ஆறு. முன்சில்லில் ஒன்றைச் செய்து மற்றதை மறந்துவிடுவோர் பலர். அரைமணி நேர வேலை இது. "பிறேக் பலமில்லை" என்று கராஜுக்கு வரும் பல மைனர்களின் நோய் இதனாலேயே தீர்ந்துவிடும்.

மிதி பஞ்சு போல் மிருதுவாக இருக்குமாயின், உள்ளே காற்றுண்டு. அப்போது "காற்று எடுக்க" வேண்டும். மாஸ்ரர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சில்லிலிருந்து தொடங்கி அண்மையிலுள்ளதில் முடிப்பது வழக்கம். ஒருவர் மிதியை மெதுவாக அழுத்த, மற்றவர் சில்லின் பின்னுள்ள சிறு திருகைத் திறந்து, தெளிந்த குழாய் வழியே ஒயிலைப் போத்தலில் ஏற்க வேண்டும். மிதியை விடுமுன் திருகை மூடவேண்டும். மேலுள்ள கிண்ணத்தில் ஒயில் வற்றிவிடலாகாது. போத்தலில் விழுந்த ஒயிலை மீண்டும் ஊற்றுவது சிக்கனமன்று.

மிதியை ஒரே விசையில் அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்லக் கீழே இறங்குமாயின், ஒயில் எங்கோ தப்பிச் செல்கின்றது. குழாய், சில்லு, தரை யாவற்றையும் பாருங்கள். எங்கும் ஈரமில்லையேல், மாஸ்ரர் சிலிண்டருக்குள் இருக்கும் கிண்ண வடிவான றப்பர் தேய்ந்து ஒயிலைப் பின்னுக்கு விடுகின்றது என அறியலாம். மைனரில் அச்சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத் தகட்டின் கீழே ஒளிந்திருக்கின்றது. விரிப்பைத் தூக்கி மூடியைக் கழற்றினால் அன்றி ஒயில் மட்டம் தெரியாது. காணாத பொருள் பேணப்படாமற் போவது உலக இயல்பு. இக்காரின் பிறேக் பழுதுகளுக்கு இம்மறைவிடமும் ஒரு காரணம்.

பிறேக் பிடிக்கும்போது கார் இடப்புறம் இழுத்தால், இடச்சில்லில் குற்றம் என்று எண்ணுவது இயல்பு. பெரும்பாலும் உண்மை மறுபக்கத்தில் இருக்கும். வலச்சில்லின் சிலிண்டர் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். அல்லது லைனரில் எண்ணெய் ஊறியிருக்கலாம். பின்சில்லில் அச்சின் எண்ணெய்த் தடுப்பு பழுதானால், கியர் எண்ணெய் லைனரை நனைக்கும். நனைந்த லைனரைப் பெற்றோலால் கழுவிக் காயவைத்து மீண்டும் பூட்டுவது வீண்வேலை. ஊறிய எண்ணெய் வெப்பத்தில் திரும்பவும் மேலே வரும். ஒழுக்கை நிறுத்தி, அந்த அச்சின் இரு சில்லுக்கும் புதிய லைனர் இடுவதே முறை.

மிதியை விட்ட பின்பும் பிறேக் விடாமல் சில்லுச் சூடேறினால், நான்கு காரணங்களைத் தேடலாம். கைப்பிறேக் கம்பி அளவுக்கு மீறி இறுகியிருக்கும். அல்லது மிதிக்கும் ஆடுதண்டுக்கும் இடையே இருக்கவேண்டிய சிறு தளர்வு இல்லாமையால், ஒயில் கிண்ணத்துக்குத் திரும்பும் நுண்துளை அடைபட்டிருக்கும். அல்லது சில்லுக்குச் செல்லும் றப்பர் குழாய் உட்புறமாக வீங்கி, ஒயிலைப் போகவிட்டுத் திரும்பவிடாது தடுக்கும். அக்குழாய் வெளியே பார்க்க நல்லதாகவே தோன்றும். நான்காவது காரணம் மனிதர் செய்யும் பிழை. பிறேக் ஒயில் இல்லாத வேளையில் எஞ்சின் எண்ணெயை ஊற்றிவிடுதல். கனிய எண்ணெய் பட்டதும் இப்பழைய கார்களின் பிறேக் றப்பர் யாவும் ஊதிப்போகும். அதன்பின் றப்பர்கள் அனைத்தையும் மாற்றி, குழாய்கள் முழுவதையும் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒயிலில் புகுந்த நீர்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நமது ஊர்க் குடும்பமொன்று பழைய காரில் நுவரெலியாவுக்குச் சென்று திரும்பியது. புறப்படுமுன் எஞ்சின் பார்க்கப்பட்டது, ரயர்கள் பார்க்கப்பட்டன. இறம்பொடை இறக்கத்தில், ஒரு வளைவுக்குச் சற்று முன்னர், மிதி தரையோடு சென்று அமர்ந்துவிட்டது. முதிர்ந்த அனுபவமுள்ள சாரதி கலங்கவில்லை. மிதியை விரைந்து விரைந்து அடித்து, கியரை ஒவ்வொன்றாய்க் குறைத்து, கைப்பிறேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைப்பக்க மண்ணோடு காரை உரசி நிறுத்தினார். எவருக்கும் காயமில்லை.

அரைமணி நேரம் கழிந்தபின் நடந்ததே கவனத்திற்குரியது. மிதி மீண்டும் உறுதியாகிவிட்டது! ஒயில் குறையவில்லை, ஒழுக்கும் இல்லை. "இனிப் பயமில்லை, புறப்படுவோம்" என்றனர் இளைஞர். "போன பிறேக் ஏன் போனதென்று தெரியாமல் வந்த பிறேக்கை நம்பி என் பேரப்பிள்ளைகளை ஏற்றமாட்டேன்" என்று வீட்டுக்குப் பெரியவரான பாட்டியார் மறுத்துவிட்டார். வேறு வாகனம் பிடித்து ஊர் திரும்பினர். அம்மையார் பௌதிகம் படித்தவரல்லர். ஆனால் அவர் கேட்ட கேள்வியே விஞ்ஞானத்தின் கேள்வி.

விடை இதுதான். வழக்கமான பிறேக் ஒயில் நீரை ஈர்க்கும் தன்மை உடையது. நம் நாட்டின் ஈரக் காற்றிலிருந்து அது ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நீரை உறிஞ்சுகின்றது. டொட் 3 என்னும் தரத்து ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை சென்ரிகிரேட் வரை கொதிக்கக்கூடாது. 3.7 வீதம் நீர் கலந்தபின் அந்த எல்லை 140 பாகையாக இறங்கிவிடும். டொட் 4 தரத்துக்கு இவ்வெல்லைகள் 230, 155. நீண்ட இறக்கத்தில் டிறம் கொதித்து, அவ்வெப்பம் சிலிண்டரை அடையும்போது, நீர் கலந்த ஒயில் கொதித்து ஆவியாகின்றது. ஆவி, காற்றைப் போலவே சுருங்கும். மிதி தரைக்குச் செல்லும். ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகின்றது, மிதியும் திரும்புகின்றது. குற்றம் மட்டும் உள்ளேயே இருக்கின்றது. அக்காரின் ஒயில் எத்தனை ஆண்டுகளாக மாற்றப்படவில்லை என்பதை வீட்டில் எவராலும் சொல்ல முடியவில்லை.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒயிலை முழுவதாக மாற்றுங்கள். திறந்து வைத்த போத்தலில் எஞ்சியதை அடுத்த ஆண்டுக்கென்று பேணாதீர்கள். டொட் 5 என்பது சிலிக்கன் ஒயில். அது நீரை ஈர்க்காது. ஆனால் மற்றைய ஒயில்களோடு கலத்தல் ஆகாது. டொட் 5.1 என்பதோ பெயரளவில் அதனை ஒத்திருந்தும், பழைய வகையையே சேர்ந்தது. பெயரொற்றுமை கண்டு மயங்கற்க.

நீர் செய்யும் தீங்கு இன்னுமொன்று உண்டு. அது இரும்புக் குழாய்களை உள்ளிருந்து அரிக்கும். கடற்காற்று அவற்றை வெளியிலிருந்து அரிக்கும். கரையோர ஊர்களில் உள்ள கார்களுக்கு இவ்விரு பகையும் உண்டு. செம்பும் நிக்கலும் கலந்த உலோகக் குழாய் துருப்பிடிக்காது. பழைய குழாயை மாற்றும்போது அதனையே தேடுதல் நன்று. மைனரில் உள்ள மூன்று றப்பர் குழாய்களில் ஒரு வெடிப்புக் கண்டாலும் மூன்றையும் மாற்றிவிடுங்கள்.

தூசியில் உறையும் நஞ்சு

கராஜில் டிறத்தைக் கழற்றியதும் உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதியோ காற்றுக் குழாயால் அடித்தோ போக்குவது பழைய வழக்கம். இதனை அடியோடு நிறுத்த வேண்டும். பழைய பிறேக் லைனர்கள் அஸ்பெஸ்ரஸ் நார் கலந்து செய்யப்பட்டவை. அந்நுண்ணிய நார் மூச்சோடு நுரையீரலுக்குட் சென்றால், இருபது முப்பது ஆண்டுகளின் பின்னும் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். பிரித்தானியா 1999ஆம் ஆண்டில் அதனை முற்றாகத் தடைசெய்தது. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அகற்றுவதே முறை. தொழில் பழக வந்த சிறுவனிடம் "ஊது" என்று சொல்லும் முதியவர், தம்மை அறியாமலே அவன் ஆயுளைக் குறைக்கின்றார்.

திருத்தமா, மாற்றமா?

"பழைய பிறேக்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய டிஸ்க் பிறேக் பூட்டினால் என்ன?" என்பது இளைஞர் கேட்கும் கேள்வி. "அப்பா வைத்திருந்தபடியே இருக்கட்டும்" என்பது முதியோர் விடை. இரண்டிலும் நியாயம் உண்டு.

டிஸ்க் பிறேக்கின் சிறப்பு அது வெளியே காற்றுப்பட இருப்பதால் விரைவில் ஆறுவது. 1953ஆம் ஆண்டு பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிறேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்றது உலகத்தின் கண்ணைத் திறந்தது. 1955இல் சிற்றோன் டீ.எஸ். கார் அதனைக் குடும்பங்களின் வாசலுக்குக் கொண்டுவந்தது. மைனருக்கும் டிஸ்க் பூட்டுவதற்கான பாகங்கள் இன்று கிடைக்கின்றன. ஆனால் மூன்று விஷயங்களை மறத்தலாகாது. முதலாவது, டிறம் போல் டிஸ்க் தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளாது. ஆகவே காலுக்கு அதிக விசை வேண்டும். இரண்டாவது, பழைய மாஸ்ரர் சிலிண்டரில் டிறத்துக்கென்று சிறு அமுக்கத்தை எப்போதும் நிறுத்திவைக்கும் அடைப்பிதழ் உண்டு. அதனை மாற்றாவிடின் டிஸ்க் ஓயாது உராய்ந்து சூடேறும். மூன்றாவது, முன் பின் பிறேக்குகளின் சமநிலை கெட்டால், ஈர வீதியில் கார் சுழன்றுவிடும்.

மிதியை இலேசாக்குவதற்குச் சேர்வோ என்னும் கருவியைப் பூட்டுவோரும் உளர். அது எஞ்சினின் உறிஞ்சு விசையைக் கொண்டு காலுக்கு உதவும்; முழங்கால் நோவுள்ள முதியோருக்கு மிக நன்று. ஆனால் அது பழுதைத் திருத்தாது, பழுதை மறைக்கும். எஞ்சின் நின்றுவிட்டால் உதவியும் நின்றுவிடும்.

பணம் குறைவாகவும் பயன் மிகுதியாகவும் உள்ள மாற்றம் வேறொன்று. 1962ஆம் ஆண்டு 1098 சீ.சீ. எஞ்சினோடு வந்த மைனருக்கு, முன்சில்லில் ஏழு அங்குல டிறத்துக்குப் பதிலாக எட்டு அங்குல டிறத்தை அமைத்தனர். முந்திய கார்களுக்கும் இதனைப் பூட்டலாம். காரின் தோற்றமும் மாறாது.

என்னைக் கேட்பின், எல்லாவற்றுக்கும் முதலிடம் பெறவேண்டியது இரட்டை வழி மாஸ்ரர் சிலிண்டரே. பழைய காரில் நான்கு சில்லுக்கும் ஒரே ஒயில் வழிதான். ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போயின. கைப்பிறேக் ஒன்றே மிச்சம். இரட்டை அமைப்பில் முன்சில்லுக்கு ஒரு வழி, பின்சில்லுக்கு ஒரு வழி. ஒன்று போனால் மற்றது காக்கும். அமெரிக்கா 1968ஆம் ஆண்டு முதல் புதிய கார்களுக்கு இதனைக் கட்டாயமாக்கியது. டிஸ்க் காரை விரைவாக நிறுத்தும். இரட்டை வழி காரை நிறுத்தாமல் விடாது. இவ்விரண்டில் ஒன்றையே வாங்கப் பணமுண்டெனின், இரண்டாவதையே வாங்குக.

ஒழுங்கு இதுவாக இருக்கட்டும்: முதலில் உள்ளதைத் திருத்துங்கள், பின்னர் மாற்றுங்கள். பெரிய எஞ்சின் பூட்ட ஆசைப்படுவோர், பிறேக்கை முன்னரே பெரிதாக்கிவிட்டு எஞ்சினைத் தொடட்டும்.

பிறேக்கோடு பார்க்க வேண்டியவை

காரை நிறுத்துவது பிறேக் மட்டுமன்று. வீதியைப் பற்றிப் பிடிப்பது ரயரே. பூ தேயாதிருந்தும் ஆண்டுகள் பல கடந்து வெடிப்புக் கண்ட ரயர் நம்பத்தக்கதன்று. பழைய குறுக்கிழை ரயரையும் இக்கால ரேடியல் ரயரையும் ஒரே அச்சில் கலந்து பூட்டுதல் ஆகாது.

மைனரின் முன்சில்லைத் தாங்கும் கீழ்மூட்டு, புரியுள்ள தண்டில் புரியுள்ள உறுப்பாக அமைந்தது. கிறீஸ் வற்றித் தேய்ந்தால் அம்மூட்டுக் கழன்று, சில்லு உட்புறமாக மடிந்து விழும். சில்லைத் தரையிலிருந்து உயர்த்தி, பாரமில்லாத நிலையில், ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடித்து வந்தால் இவ்விபத்துக்கு இடமில்லை. அதிர்ச்சி தாங்கிகளில் எண்ணெய் உண்டா என்றும் பாருங்கள். இறுதியாக, மாலையில் ஒரு பிள்ளையைக் காரின் பின்னே நிறுத்தி, பிறேக் விளக்கு நன்கு எரிகின்றதா என்று கேளுங்கள். நாம் நிற்பது நமக்குத் தெரிந்தாற் போதாது. பின்னால் வருபவருக்கும் தெரிய வேண்டும்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை அரைமணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். விரிப்பைத் தூக்கி ஒயில் மட்டத்தைப் பாருங்கள். மிதியை அறுபது வினாடி அழுத்திப் பிடித்து இறங்குகின்றதா என்று பாருங்கள். ஒவ்வொரு சில்லின் உட்புறத்திலும் ஈரமுண்டா என்று பாருங்கள். கைப்பிறேக்கைச் சரிவில் சோதியுங்கள். ஒயில் மாற்றிய திகதியைச் சிறு குறிப்பேட்டில் எழுதிக் காரிலேயே வையுங்கள். மலைநாட்டுக்குப் போவதாயின், எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இவ்வேலைகளுக்குப் பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் படித்த பஸ்கால் விதி காரின் கீழே வாழ்வதை அவர்கள் காணட்டும்.

பழைய காரை வைத்திருப்பது வெறும் பெருமைக்காக அன்று. அதில் நம் பெற்றோரின் உழைப்பும், இடர்க் காலத்தின் நினைவும் உண்டு. ஆயினும் அதிலே ஏறி அமர்பவர்கள் உயிருள்ள மனிதர். வீதியைக் கடக்கும் பாடசாலைப் பிள்ளை பிறர் பெற்ற செல்வம். காரின் மெருகைத் துடைக்கும் அதே கை, மாதம் ஒருமுறை அதன் முட்டுக்கட்டையையும் தொட்டுப் பார்க்கட்டும்.